ரெண்டு தொட்டி

துண்டும் பெட்ஷீட்டும் எடுத்த பாக்கிக்கு
நொடித்துப்போன ரிசார்ட்காரன்
தலையில் கட்டிய வண்டி இது.
தண்ணீரில் ஓடுகிற ஸ்கூட்டர்.
குமாரபாளையத்திலிருந்து பாலம் தாண்டி
மினி லாரியில் கயிறு கட்டி
பவானிக்கு, என் பட்டறைக்கு வந்தது.
கூடவே சாயப்பட்டறை வஞ்சியாத்தாள்.
"வித்துப் போடோணுங்க. ஆனா
ஓடாத வண்டிய எவன் வாங்குவான்?"

ஆர்எக்ஸ் நூறுக்கும் மருந்தடிக்கும் ஸ்பிரேயருக்கும்
பண்டுதம் பார்த்த கை.
டூ ஸ்ட்ரோக் எங்கே கிடந்தாலும் டூ ஸ்ட்ரோக்தானுங்க
என்று வாய் சொல்லிவிட்டது.

முதலில் எஞ்சின், அப்புறம் தண்ணீர்.
நிறுத்தும்போது முதலில் தண்ணீர், அப்புறம் எஞ்சின்.
மாற்றிச் செய்தால் சிலிண்டர் குடித்துவிடும்.
ஜெய்லானி இதைச் சாக்பீஸால் சுவரில் எழுதி
ஓஸ் பைப்பைச் செருகினான்.
கிளம்பியது. புகை
அந்தியூர் ரோட்டையே மறைத்தது.
எதிர்க் கடைக்காரர் ஓடிவந்து பன்னை மூடினார்.
பாதி ஆக்சிலேட்டரில் தொண்டை அடைத்து
சோறு விக்கிய ஆள் மாதிரி
நின்றுபோனது.

ரிச்சா ஓடுதுங்க, என்றேன்.
"கடனுக்கு வந்ததுக்கு அந்தப் பவுசு வேறயா?"
இல்லீங்க. பெட்ரோல் எச்சு, காத்து கம்மி.

சோக் மூடிக்கிடக்கிறதா? இல்லை.
காற்று போகிற வலையைக் கழுவினேன்.
ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே, பிறகு அரைச் சுற்று.
கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தது
புது நீடில், புது சீட்.
மூன்று நாள். நாலு செட் ப்ளக்.
கண்ணை மூடினால் உள்ளே டயாபிரம் துடிக்கும்.
ஜெட்டைச் சின்னதாக்கிவிடலாமா என்றும் நினைத்தேன்.
ஒரு வாரம் ஓடும், அப்புறம் பிஸ்டன் பிடிக்கும்,
அதற்குள் எவனாவது வாங்கியிருப்பான்.
வெசனம் அப்படியெல்லாம் யோசிக்க வைக்கும்.

நாலாம் நாள் வந்தவர்
பெஞ்சில் அப்போதுதான் கழற்றிப் போட்டிருந்த
ப்ளக் இரண்டையும் எடுத்தார்.
நகக்கண்ணில் நீலம் போகாத விரல்கள்.
நூல் சிட்டத்தைப் பார்ப்பதுபோல
வெயிலுக்கு நீட்டிப் பார்த்தார்.
ஒன்று பொறை ரொட்டி நிறம்.
ஒன்று கரி. ஈரக் கரி.
"ரெண்டும் ஒரே தொட்டியில நனைஞ்சதில்லீங்களே."

ஒரே டேங்க்தானுங்க என்று சொல்ல வாயெடுத்து
அப்படியே நின்றேன்.
மூன்று நாளாய் இரண்டையும் ஒட்டுக்காக் கழற்றி
ஒட்டுக்காக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன்.
மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.
கறுப்பு, பின் சிலிண்டரை விட்டு நகரவில்லை.
அப்படியானால் அதற்கு மட்டும் எங்கிருந்தோ பாய்கிறது,
வாய்க்காலில் ராத்திரி குழாய் போட்டு
உறிஞ்சுகிற காடு மாதிரி.

பின் கிரேங்க் கேஸிலிருந்து பம்புக்குப் போகும்
சுண்டுவிரல் தடிமன் ரப்பர் ட்யூப்.
காற்றின் துடிப்பு மட்டுமே போகவேண்டிய பாதை.
உருவினேன்.
சொட்டு. சித்த நேரம் கழித்து
இன்னொரு சொட்டு. பெட்ரோல்.
பம்புக்குள் இருந்த சவ்வில்
ஓர் அரிசி நீளத்துக்குக் கிழிசல்.
நூற்றுச் சொச்சம் ரூபாய்ச் சாமான்.
ஜெய்லானி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கதவணைத் தேக்கத்தில் இறக்கினோம்.
ஒரே இழுப்பில் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது.
பரிசலை ஆட்டிவிட்டேன் என்று
ஒருவர் என் அப்பன்வரைக்கும் திட்டினார். நியாயம்தான்.
திரும்பி வந்து நிறுத்தியபோது
கரையோரத்தில் எண்ணெய்ப் படலம்,
பச்சையும் ஊதாவுமாக விரிந்தது.
அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.
அவர் எண்ணெயைப் பற்றிக் கேட்கவில்லை.
நான் சாயத்தண்ணியைப் பற்றிக் கேட்கவில்லை.

கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டு
அந்தக் கரி ப்ளக்கைக் கேட்டார்.
எதுக்குங்க?
"எங்க தொட்டியில கறுப்புப் போட்டா செவப்படிக்குது.
மாஸ்டர்கிட்ட இதக் காட்டோணும்.
இந்தக் கறுப்பு வேணும்."
பில் காகிதத்திலேயே மடித்துக் கொடுத்தேன்.
தொட்டா கையில ஒட்டுமுங்க.
"அதென்ன, எங்களுதும் ஒட்டும்" என்றபடி
பையின் ஜிப்பை இழுத்தார்.