இராயப்பரின் மஃப்ளர்

பங்குனி வெயில்.
குருநகர்ச் சந்தையடியில் தார் இளகிச்
செருப்பைப் பிடித்திழுக்கிறது.
என் மடியில் கம்பளி நூல்.
ரீலோட் போட வருகிற ஆக்கள்
நம்பரைச் சொல்ல மறந்து என் கையைப் பார்க்கினம்.
"என்ன பிள்ளை, குளிர்காய்ச்சலோ?"

காய்ச்சல் இல்லை, பாஸ்கா நாடகம்.
மதுரநாயகம் மாஸ்ரர் தந்த துண்டில்
படைவீரருக்கு இரும்புச் சட்டை பதினொன்று:
சணல் கயிற்றில் பின்னி
வெள்ளிப் பெயின்ற் அடிக்க வேணும்.
ஏரோதனுக்கு ஊதாக் கச்சை.
அடியில், பென்சிலால், பிறகு ஞாபகம் வந்ததுபோல,
இராயப்பருக்கு மஃப்ளர் ஒன்று.

"அந்தக் காலத்தில மஃப்ளர் இருந்ததோ மாஸ்ரர்?"
"இருந்ததோ இல்லையோ,
அண்டிரவு குளிர் எண்டு வேதத்தில கிடக்கு.
சனம் விசிறியோட வந்திருக்கும்.
உந்த மனுசன் நெருப்படிக்கு ஏன் போனவன் எண்டு
ஆருக்கு விளங்கும்?
நீ குளிரைப் பின்னித் தா."

குளிரை எனக்குப் பழக்கமில்லை.
நுவரெலியாவுக்கு ஒருக்காப் போனது,
வழி முழுக்கச் சத்தி,
இறங்கினதும் நித்திரை.
நான் பின்னுவதெல்லாம்
ஸ்கூட்டி ஓடும் பெட்டையளுக்கு
வெயிலுக்கு முகம் மூடப் பருத்தி நூலில்.

முப்பத்திரண்டு கண்ணி போட்டேன்.
கண்ணி என்றால் இந்தக் கரையில் வலையின் கண்.
மற்றக் கண்ணியை இங்கே
ஒருவரும் பெயர் சொல்லி எண்ணுவதில்லை.
வலது ஊசி கடையில் வாங்கியது.
இடது ஊசி தொலைந்துபோய்
சைக்கிள் கம்பியொன்றை உரஞ்சி எடுத்தது, சற்று மெலிவு.
அதனால் என் பின்னலில்
ஒரு வரி இறுகும், ஒரு வரி இளகும்.
கையெழுத்து மாதிரி. மறைக்க ஏலாது.

டேமியன்தான் இராயப்பர்.
மேடையில் மஃப்ளரை இரண்டு சுற்றுச் சுற்றி
சிவப்பு பல்புக்கு மேல் கைகளைக் காட்டினான்.
வேர்வை தாடியால் வடிந்து
பசை கழன்று தாடி ஒரு பக்கம் தொங்கிற்று.
ஆனாலும் மூன்றாம் வரிசையில் ஒரு பெண்
சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினாள்.
அதைக் கண்டேன்.
பிறகு சேவல் கூவியதோ,
போனில் சார்ஜ் போய்க் கூவவில்லையோ,
எனக்கு நினைவில்லை.

உடுப்பெல்லாம் திரும்பி வந்தது.
சட்டை பதினொன்று, கச்சை ஒன்று.
"டேமியன், மஃப்ளர் எங்க?"
"நான் காணேல்லை."
உயிர்த்த ஞாயிறு, பூசை முடிந்து, மணிக்கூண்டடியில்,
"உன்ர கழுத்திலதானே கிடந்தது?"
"உதைப் பற்றி எனக்கொண்டும் தெரியாது."

அதற்கடுத்த கிழமை
அண்ணனின் மீன்பெட்டிக்கு ஐஸ் எடுக்க
விடிய நாலு மணிக்குக் கொம்பனிக்குப் போனேன்.
கதவு திறந்தது. வெள்ளைப் புகை.
புகைக்குள் கொளுக்கி போட்டுப்
பாளம் இழுத்து வந்தான் டேமியன்.
கழுத்தில், ஈரத்தில் ஊறி, செதில் ஒட்டி,
ஒரு வரி இறுக்கம் ஒரு வரி இளக்கம்.
என்னைக் கண்டு நின்றான்.
அவன் மூச்சு வாயை விட்டு வெளியே வந்து
எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது.
உள்ளே இன்னும் ஐந்து பேர்.
ஒருவன் சாறத்தைத் தலையில் சுற்றியிருந்தான்,
ஒருவன் சீமெந்துப் பையை முதுகில்.
மூன்றாம் முறை நான் கேட்கவில்லை.
ஐஸை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நேற்று மாஸ்ரர் கடைக்கு வந்தார்,
துண்டும் பென்சிலுமாய்.
"எல்லாம் சரி பிள்ளை,
இராயப்பற்ற மஃப்ளரை மட்டும் காணேல்லை."
கடை வாசலில் டேமியன்,
ஐம்பது ரூபாய் ரீலோட்டுக்கு நூறைத் தந்துவிட்டு
மிச்சத்துக்கு நிற்கிறான்.

"நானும் காணேல்லை மாஸ்ரர்," என்றேன்.

அவர் சைக்கிள் வளைவு தாண்டினதும்
டேமியன் மேசையிலிருந்த நூலுருண்டையை
விரலால் உருட்டிப் பார்த்தான்.
மிச்சக் காசை எடுக்கவில்லை.
"மற்ற அஞ்சும் பின்னிறதெண்டால்," என்றான்,
ரோட்டைப் பார்த்தபடி,
"சாம்பல் நிறம் நல்லம். ஊத்தை தெரியாது."