துளை நடக்காது

நார்வா சந்தையில் வாங்கியது, சாய்கா.
ரஷ்யர்கள் கடற்காகத்தை அப்படித்தான் அழைப்பார்கள்.
உள்ளங்கையில் அடங்கும் அரைச்சட்டக் கேமரா,
முப்பத்தாறு படச் சுருளில்
எழுபத்திரண்டு பிழிந்தெடுக்கும் கஞ்சன்.

பிப்ரவரி. பேர்னு விரிகுடா உறைந்து கிடந்தது.
வெள்ளை ஒளிமானியை ஏமாற்றும் என்பதால்
அது சொன்னதைவிட ஒரு படி கூடுதலாகத் திறந்து,
கையுறையைக் கழற்றி, மாட்டி, கழற்றி,
கடல்மேல் தனியாக நடந்தேன்.
தனியாக என்றுதான் லேலோவிடமும் சொன்னேன்.

குளியலறைக் கதவடியில் துண்டைச் செருகி
இருட்டில் சுருளோடு மல்லுக்கட்டினேன்.
மூன்றாம் முறைதான் வழிக்கு வந்தது.
இருபது டிகிரி; லேலோவின் ஜாம் வெப்பமானி.
அரை நிமிடத்துக்கொரு முறை தொட்டியைத் தலைகீழாக்கி
குமிழி போக ஒரு தட்டு.
பிறகு வினிகர். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது.

ராத்திரி ஸ்கேனர் முனகிக்கொண்டே
இரண்டிரண்டாய்ப் படங்களை நீட்டியது.
நடுவில் கறுப்புக் கோடு,
பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளுக்கிடையே சுவர் மாதிரி.

நாற்பத்தொன்றில் ஒரு கரும்புள்ளி.
வெண்புள்ளி என்றால் தூசி, ஊதினால் போகும்.
கரும்புள்ளி என்றால் படலத்தில் துளை,
வினிகர் பார்த்த வேலை.
பக்கத்துப் பனியில் கொஞ்சம் எடுத்து
மேலே பூசினேன். ஒரே சொடுக்கு.

நாற்பத்திரண்டிலும் இருந்தது,
சற்றே இடப்பக்கம் தள்ளி.

துளை நடக்காதே.

நாற்பத்து மூன்றில் அதற்குக் கால் முளைத்திருந்தது.
நாற்பத்து நான்கில் தோளில் நீளத் துரப்பணம்,
பின்னால் கயிற்றில் இழுபடும் மீன்பெட்டி.
பனியில் துளை போட வந்த மனிதரைத்தான்
துளை என்று அடைத்திருக்கிறேன்.
நாற்பத்தைந்தில் ஒரு கை உயர்ந்திருக்கிறது.
எவ்வளவு பெரிதாக்கியும் விரல்கள் பிரியவில்லை,
குருணை குருணையாக உதிர்ந்துபோகின்றன.

வணக்கம் என்றா? நில் என்றா?
கப்பலுக்காக உடைத்துவிட்ட தடம்
அன்று எனக்கு எத்தனை அடி முன்னால் இருந்தது?
நகத்தளவு சாளரத்தில் கண்ணை ஒட்டிக்கொண்டு
அடிவானம் சாயாமல் பார்த்துக்கொண்டிருந்தேன் நான்.

நாற்பத்தாறு, கரை. பேருந்து நிறுத்தம்.
விரல் மரத்துத் திரும்பிவிட்டேன்.
பதிலுக்குக் கையசைத்த ஞாபகம் இல்லை.

மணி இரண்டு. தொட்டிமேல் கவ்விகளில் தொங்கும்
மிச்ச ஃபிலிம் தானாகச் சுருண்டு ஆடுகிறது.
நாற்பத்தொன்றுக்குப் போய்
பூசிய பனியைச் சுரண்டி எடுத்தேன்.
வந்து நின்றார், புள்ளியாக,
இன்னும் கையைத் தூக்காமல்.