ரிவர்ஸ்

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றி
சென்னைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டு
அதே ராத்திரி பெங்களூருக்கு வண்டி எடுத்தவன் நான்.
மாத்திரை கொடுத்தவன் பெயரைச் சொல்ல மாட்டேன்.
பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி ஒரு டீக்கடை,
சாக்ஸுக்குள்ளிருந்து எடுத்து நீட்டினான்,
வெதுவெதுப்பாக இருந்தது.
மூன்று நாள் தூங்கவில்லை.
நான்காம் நாள் முன்னால் போன லாரியின் பின்விளக்கு
என்னை மட்டும் பார்த்துக் கண்ணடித்தது.

பாகாயம் வார்டில் டாக்டர் ஷெரின்
கேஸ் சீட்டின் பின்பக்கம் படம் போட்டார்.
ஒரு நரம்பு, ஒரு சந்து, எதிரே இன்னொரு நரம்பு.
சந்தில் செரட்டோனின் கொட்டுமாம்.
சேதி சொல்லி முடித்ததும்
சிந்தியதைப் பொறுக்கி உள்ளே ஏற்ற ஆள் இருக்குமாம்.
எங்க லோடுமேன் சேட்டு மாதிரி, என்றேன்.
அவருக்குச் சேட்டுவைத் தெரியாது. ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

மாத்திரை சேட்டுவின் தோளிலேயே ஏறி
குடோனுக்குள் போகிறது.
போனதும் அவனைத் திருப்பி நிறுத்துகிறது.
ஏற்ற வேண்டியவன் இறக்குகிறான்,
இறக்கி இறக்கி
இருக்கிற மூட்டையெல்லாம் தெருவில்.
பக்கத்து டோபமின் குடோனிலும் அதே கூத்து.
அந்த மூன்று நாள் அதுதான்.
பதினாறு டன் வண்டி
பால் கேன் கட்டிய சைக்கிள் மாதிரி ஓடியது.

இந்தச் செரட்டோனின்
ஆசைக்குச் சில இடத்தில் ஆக்ஸிலேட்டர்,
சில இடத்தில் பிரேக் என்றார்.
எந்த இடத்தில் எது மேடம்?
பேனா மூடியைக் கடித்தார்.
"முழுசா எங்களுக்கே தெரியாது."
அந்த வார்டில் நான் நம்பிய முதல் வார்த்தை.

அப்புறம் குடோன் காலி.
ஞாயிற்றுக்கிழமை பூங்காவனம் வந்தாள்,
ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் வழுக்கி விழுந்த கதையோடு.
அவள் சிரித்ததைப் பார்த்தேன்.
பஸ் கண்ணாடிக்கு வெளியே யாரோ சிரிக்கிற மாதிரி.

பேச ஒன்றுமில்லாமல் சொன்னேன்:
மூளைத்தண்டு நடுவுல அது தயாராகிற இடம்,
அதுக்கு வெச்ச பேருக்குத் தையல்னு அர்த்தமாம்.
பன்னிரண்டு வருஷமாக அப்பர் தைக்கிறவள் கேட்டாள்:
"ஒத்தை ஊசியா, ரெட்டை ஊசியா?"

உடம்பிலிருக்கிற செரட்டோனினில்
பெரும்பங்கு குடலில்தானாம்.
அப்ப நல்லா சாப்ட்டா சரியாயிடுமா?
ஆகாது. அங்கிருந்து மூளைக்கு வழி விடாது.
கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்டில்
பர்மிட் இல்லாமல் இரண்டு நாள் கிடந்திருக்கிறேன்,
தார்ப்பாய்க்குக் கீழே முழு லோடு.
அதனால் இது மட்டும்
படம் போடாமலே புரிந்தது.

ராத்திரி ஆற்காடு ரோட்டில் ஹாரன் கேட்டால்
போர்வைக்குள் வலதுகால் எதையோ மிதிக்கிறது.
எதை என்று கேட்காதீர்கள்.
டீக்கடை தெரிகிறது. சாக்ஸ் தெரிகிறது.

இருபத்தாறாம் நாள்
தூக்குச்சட்டியில் முள்ளுக்கத்திரிக்காய்க் குழம்பு.
எடுத்துப் பிசைந்தேன்.
காம்பு முள் விரலில் ஏறியது.
ஸ்ஸ், என்றேன்.

பூங்காவனம் நிமிர்ந்தாள்.
"குத்திச்சா?" என்றாள்,
சம்பளம் போட்டுட்டாங்களா
என்று கேட்கிற குரலில்.