ஒன்று புள்ளி இரண்டு ஏக்கர்

மானியப் பணம் வங்கிக்கே போய்விடுகிறது இப்போது.
ஆனாலும் அக்டோபரில் வருகிறார்கள்,
என் கண்ணாடிக்கு முன்னால் ஆறு நாற்காலிகளில் உட்கார்ந்து
பக்கத்து வயலுக்கு எவ்வளவு வந்தது என்று
கேட்காமல் கேட்கிறார்கள்.
நான் சொல்வதில்லை.
எனக்குத் தெரியும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும்.
கடையில் என் தள்ளுவண்டியை எட்டிப் பார்ப்பார்கள்,
நான் வாங்கும் வெண்ணெயில் ஏதும் துப்பு கிடைக்குமா என்று.

மெர்லின் ஷெங்க் அரசாங்கத்தைத் திட்டாமல்
ஒரு கோப்பை காப்பி குடித்ததில்லை.
கையெழுத்துக்கு என் பேனாவைத்தான் வாங்குவார்.
அரிசோனாவில் கோல்ஃப் ஆடும் சகோதரர்கள் மூவர்
தங்கள் நிலம் ஓடைக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமலே
'நேரடியாக உழைக்கும் விவசாயி' கட்டத்தில்
டிக் அடித்து அனுப்புகிறார்கள்.
கட்டம் நிரம்பியிருந்தால் முத்திரை.
இருபத்திரண்டு வருஷமாக அதுதான் என் வேலை.

அன்று லியோனா ட்ரைலிங் வந்தாள்,
முழங்கைவரை கிரீஸ்.
கணவன் போனபின் இது இரண்டாவது விதைப்பு.
வான்படத்தைக் கேட்டாள், விரித்தேன்.
நான்காம் எண் வயல்.
கோதுமை என்று நாங்கள் பூசிய மஞ்சள்.
அதன் நடுவே, மஞ்சளுக்கு அடியில், சின்னக் கருமை,
செடார் மரங்கள் நாலைந்து.
"இது என்ன, தெரியுமா?"

தெரியும்.
வோல்காக் கரையிலிருந்து வந்து இறங்கியவர்கள்
கான்சஸின் முதல் குளிர்காலத்தில் தோண்டிய இடம்.
பத்தொன்பது இரும்புச் சிலுவைகள்.
பாதிக் குழிகள் இரண்டு முழத்தைத் தாண்டாதவை.

"இதையும் கோதுமை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்,
முப்பத்தோரு வருஷமாக.
நேற்று ராத்திரி கணக்குப் பார்த்தேன்" என்றாள்.
உழுதவர்கள் செய்யக்கூடாத காரியம்.
கண்ணாடிக்கு அடியில் ஒரு காசோலையைத் தள்ளினாள்,
எழுநூற்று நாற்பத்து நான்கு டாலர்.
பின்னால் ஆறு நாற்காலிகளும் மூச்சை நிறுத்தின.

திருப்பிக் கொடுப்பதற்கும் ஒரு படிவம் உண்டு.
கணினி கேட்டது:
பயிர் விளையாத காரணம்?
வறட்சி. ஆலங்கட்டி. வெள்ளம். பூச்சி.
'பிற'வைத் தொட்டேன்.
விதைத்தவர் பெயர்?
பெயரில்லாமல் நகரமாட்டேன் என்று நின்றது.

லியோனா குனிந்தாள்.
ஆகச் சின்னச் சிலுவையில் இருப்பதைச் சொன்னாள்:
"அன்னா மார்கரெட்டா. ஒன்பது நாள்."
பெயரை மட்டும் அடித்தேன்.
ஒன்பது நாளுக்குக் கட்டம் இல்லை.

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.
ஒருத்தி திருப்பினால் எல்லார் வயலையும் அளப்பார்களே.
இடிந்த பள்ளிக்கூடம், தூர்ந்த குட்டை,
ஷெங்கின் பழைய லாரிகள் துருப்பிடிக்கும் மூலை,
எல்லாம் மஞ்சள்தானே எங்கள் படத்தில்.
அந்த ஞாயிறு தேவாலயத்தில்
அவளுடைய பெஞ்சில் அவள் மட்டும்.

பிப்ரவரியில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம்.
அன்புள்ள விவசாயி அன்னா மார்கரெட்டா,
உங்கள் நேர்மைக்கு நன்றி.
உங்கள் கணக்கு நேர்செய்யப்பட்டது.
வரும் பருவத்துக்கு விண்ணப்பிக்க
மார்ச் பதினைந்து கடைசி நாள்.

லியோனாவிடம் கொடுத்தேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
இரண்டுமுறை படித்தாள்,
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:
"பதினைந்து என்ன கிழமை?"