நீக்கல் குறி

தக்குவாரெம்போ வானத்தில் அன்று
பேருக்குக்கூட ஒரு மேகமில்லை.
ஸ்கேன் எல்லாம் இனி மேகத்தில் என்று
வால்திர் சொன்னதும் குதிரைக்காரர்கள் சிரித்தார்கள்.

முதலில் ஒரு வாளி வேண்டும் என்றான்.
கையிலிருந்ததைக் காட்டினேன், சோப்பு நுரையோடு.
அதுவல்ல டாக்டர்,
உலகில் வேறெந்த வாளிக்கும் இல்லாத பெயருள்ளது.
மூன்று பெயர் சொன்னேன்.
மூன்றையும் யாரோ எடுத்திருந்தார்கள்.

உள்ளே அறையில்லை, அடுக்கில்லை.
குதிரை/காந்தெலா/நாள்-45
சாய்கோடும் ஓர் எழுத்துதான்,
பெயர்தான் நீளம்.
வைத்ததைத் திறந்து ஓரத்தில் திருத்த முடியாது.
முழுதாய் வைக்கலாம், முழுதாய் எடுக்கலாம்.

எனக்கொன்றும் புதிதில்லை.
கருப்பையும் அப்படித்தான்.

பிப்ரவரியில் காந்தெலாவுக்குக் கலைந்தது.
எலியோதோரோ தொப்பியைக் கழற்றி
வேலிக்கம்பியில் மாட்டினார், மறுபடி எடுத்தார்.
அந்தப் படம் இனி எதற்கு என்றார்.
அழித்தேன். பட்டியலில் அந்த வரி இல்லை.

மாதக் கடைசியில் கட்டணச்சீட்டோடு வால்திர்:
அது போகவில்லை டாக்டர்.
பழைய பதிப்புகளைக் காக்கும்படி
முதல் நாளே அமைத்துவிட்டேன்.
அழித்தால் மேலே ஒரு குறி விழும், அவ்வளவே.
குறியை எடுத்தால் திரும்ப வரும்.
அடியோடு வேண்டாமென்றால் பதிப்பைச் சொல்லி அழிக்கணும்.

எவ்வளவு ஆகிறது அதற்கு?
சல்லிக்காசுகூட இல்லை.

சாவ் பாவ்லோவில்,
நான் பார்த்திராத மூன்று கட்டடங்களில்,
குறிக்கு அடியில்
ஒரே இதயம், பதினோரு நொடி.

இருக்கட்டும் என்றேன்.
குறியும் இருக்கட்டும்.

கொட்டகையில் அடுத்த குதிரை
தகர வாளியை உதைத்துத் தள்ளியிருந்தது.
வெந்நீர் வேண்டும், வால்திர்.