பின்பக்கத்துக் காது

நகரியில், தறிச்சத்தம் நிற்காத தெருவில்
லுங்கிக் கட்டு ஏற்ற
பழைய வேன் ஒன்று வாங்கினேன்.
பின் பம்பரில் நாலு கறுப்புப் பொத்தான்.
"சென்சார் இருக்கு,
கண்ணை மூடிக்கிட்டு ரிவர்ஸ் எடுக்கலாம்"
என்றான் விற்றவன்.
கண்ணை மூடவில்லை.
கழுத்தைத் திருப்புவதை மட்டும் விட்டுவிட்டேன்.

சுவரைச் சொன்னது.
தண்ணி டிரம்மைச் சொன்னது.
முனிரத்தினம் குறுக்கே நிறுத்திவிட்டுப் போன
மொபெட்டைச் சொன்னது.
பீப் பீப் என்று நெருக்கி
கடைசி ஒரு முழத்தில்
மூச்சுவிடாமல் கத்தியது.
என்னை யாரும் அவ்வளவு அக்கறையாய்த்
தடுத்ததில்லை.

ஆயுத பூஜை முடிந்ததும் அதற்குக் கிறுக்குப் பிடித்தது.
வெறும் தெருவைப் பார்த்துக் கத்தும்.
புத்தூர் ரோட்டில் லாரிக்காரன் காற்று பிரேக்கை
புஸ்ஸென்று விட்டால் கத்தும்.
மழை நின்ற பிறகும் மழைக்காகக் கத்தும்.
கத்தட்டும் என்று பழகிக்கொண்டேன்.

ஐப்பசியில், வெயில் வந்த ஒரு செவ்வாய்.
எதிர்ச் சாயப்பட்டறையில்
சிட்டம் சிட்டமாய் நூல் தொங்கியது,
நீலம், சொட்டச் சொட்ட.
பின்னால் வந்தேன்.
அது வாயே திறக்கவில்லை.
கொடி சரிந்து கண்ணாடி முழுக்க நீலமாகியும்
திறக்கவில்லை.
மூங்கில் முறிந்த சத்தத்துக்குத்தான்
பிரேக்கை மிதித்தேன்.

தேசம்மா ஓடிவந்தாள்,
கை முழங்கை வரை நீலம்.
தமிழில் பாதி தெலுங்கில் பாதி
என் ஏழு தலைமுறையைக் கூப்பிட்டுவிட்டு
கடைசியில் கேட்டாள்:
"நீ பண்டிக்கி செவுடா?"

"செவுடு இல்லக்கா" என்றார்
புத்தூரில் மஸ்தான் வலி,
பம்பர் முன்னால் குந்தியபடி.
"அது கத்துறது நம்ம காதுக்குக் கேக்காது.
போன கத்தல் எதுலயாவது பட்டுத் திரும்பி வந்தாத்தான்
ஏதோ இருக்குன்னு அதுக்குத் தெரியும்.
சுவரு திருப்பிக் குடுக்கும்.
டிரம்மு குடுக்கும்.
நூலு வாங்கி வெச்சுக்கும்."
ஒல்லிக் கம்பி தப்பிவிடும்.
சாய்ந்த பலகை வேறெங்கோ திருப்பிவிடும்.
பம்பருக்குக் கீழே கிடக்கும் கல்
கதையிலேயே வராது.

பிறகு நகத்தால் எதையோ சுரண்டிக் காட்டினார்.
மூன்றாவது பொத்தானில்
காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.
நான் வைத்ததுதான்.
நாலுக்கும் வைத்தேன்.
மற்ற மூன்றை மழை கழுவியிருக்கிறது.

"சும்மா கத்துனது இதனால.
கத்தாம இருந்தது நூலால.
ரெண்டையும் ஒண்ணாப் போட்டு அதைத் திட்டாதீங்க."
மெத்தென்ற ஈரத்துணி போதும் என்றார்.
வாட்டர் சர்வீஸ் பையனைக் கிட்டத்தில் வைத்து
அடிக்க விடக்கூடாது.
மேலே பெயின்ட், ஸ்டிக்கர், பொட்டு கூடாது.
"உயிரோட இருக்கான்னு பாக்கணும்னா
என்ஜினை நிறுத்தி, சாவியை ஆன்ல விட்டு,
ஹேண்ட் பிரேக் இழுத்து, ரிவர்ஸ்ல போட்டு
காதை வைங்க. டிக் டிக்குனு கேக்கும்."

எங்கள் தெருவில் எங்கே கேட்க?
கரண்ட் போகும் வரை காத்திருந்தேன்.
வியாழக்கிழமை, மூன்றரை மணி.
எல்லாத் தறியும் ஒரே மூச்சில் செத்தன.
ரோட்டில் மண்டிபோட்டு
பம்பரில் காதை வைத்தேன்.
ஒன்று, டிக்.
இரண்டு, டிக்.
மூன்று, மெலிதாய், தொண்டை கட்டியது போல.
நாலில் ஒன்றுமில்லை.
இன்னொரு முறை வைத்தேன். ஒன்றுமில்லை.

"ஏமண்டோந்தி?"
பின்னால் தேசம்மா நின்றிருந்தாள்.
என்ன சொல்லுது என்று நானும்தான் பார்க்கிறேன்.
அவளும் குனிந்து காதை வைத்தாள்.
அதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

நாலாவது பொத்தானுக்கு
மஸ்தான் வலி ஆர்டர் போட்டிருக்கிறார்.
வரும்வரை கழுத்தைத் திருப்புகிறேன், வலிக்கிறது.
காலையில் வண்டி எடுக்கும்போது
தேசம்மா தானாகவே வந்து
கொடிக்கும் வண்டிக்கும் நடுவில் நிற்கிறாள்.
ரா... ரா... ரா...
ஆகு!
நீலக் கையால் கதவில் ரெண்டு தட்டு.
அப்படியே ஜன்னல் பக்கம் வந்து
மூங்கில் காசு இன்னும் வரவில்லை என்கிறாள்.