பதினோராவது கோப்பு

பொல்தாவாவில், நீதிமன்றத்தின் நிலவறையில்
வெந்நீர்க் குழாய்க்கும் உடைந்த நாற்காலிக் குவியலுக்கும் நடுவே
என் மேசை.
மேலே சைரன் ஒலித்தால் விசாரணை படியிறங்கி வரும்.
முத்திரை, மைப்பெட்டி, நீதிபதியின் மேலங்கி,
எல்லாவற்றுக்கும் பின்னால் நான்.

பத்தாவது வழக்கு.
பிறந்த உண்மையை நிறுவக் கோரும் மனு.
மனுதாரர் மிலேனா ப்ரித்யூக்,
ஆற்றின் அந்தக் கரையில், அடுத்தவன் கொடி பறக்கும் ஊரில்
பிள்ளை பெற்றவள்.
அங்கே கொடுத்த சான்றிதழ்
நம் சட்டத்தின் கண்ணுக்கு வெறும் காகிதம்.
அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள்:
பின்பக்கத்தில் பேருந்து நேரங்கள் குறித்திருந்தன.
ரஷ்யா, லாத்வியா, போலந்து, பிறகு வீடு.
நேர்வழியில் போனால் நாலு மணி நேரம்.

"பிறந்ததற்கு வேறு ஆதாரம்?"
நீதிபதி ஹாவ்ரிஷ் கேட்டார். கேட்டே ஆக வேண்டும்.
ஆதாரம் என் மேசைக் காலைப் பிடித்து எழுந்து நின்றது.
ஒன்றரை வயது, மேல்வரிசையில் நான்கு பல்,
வாயில் வழக்கறிஞரின் கோப்பு நாடா.

நான் தட்டினேன்:
இணைப்பு ஒன்று, மணிக்கட்டுப் பட்டை. மூவாயிரத்து நூற்று இருபது கிராம்.
இணைப்பு இரண்டு, மருத்துவச்சியின் குரல்செய்தி.
பெயர் சொல்ல மறுக்கிறாள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.
இணைப்பு மூன்று, ஜன்னலோரப் படம்.
தாய், துணிச்சுருள், பின்னால் பூத்த ஆப்ரிகாட் மரம்.

அழுத பிள்ளை பால் குடிக்கும்.
ஆனால் அழுதது இந்தப் பிள்ளைதான் என்பதற்கு
ஓர் இணைப்பு வேண்டும் சட்டத்துக்கு.
குறை சொல்லவில்லை.
பதினாறு வருடமாக இதைத் தட்டச்சு செய்கிறேன்,
எந்தக் கமாவில் இடறும் என்று எனக்குத் தெரியும்.
அவன் முத்திரையைக் குழந்தையின் பேரில் ஏற்றுக்கொண்டால்
நாளை மண்ணின் பேரில் நீட்டுவான்.
சரிதான்.
சரியானதும் சில நாள்
ஈரக் கம்பளிபோலத் தோளில் கனக்கிறது.

பதினேழு நிமிடத்தில் தீர்ப்பு. உடனடி அமல்.
குழந்தை பிறந்துவிட்டதென்று ஹாவ்ரிஷ் வாசித்தார்.
மிலேனா சிரித்தாள்,
பிறகு அதன் கம்பளித் தொப்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பதினோராவது கோப்பு.
நான் எழுந்தேன்.
என் இடத்தில் யூஸ்தினா உட்கார்ந்தாள்,
உயரம் போதாமல் நாற்காலித் திருகைத் திருப்பினாள்.
சொந்த வழக்கில் எழுத்தர் எழுதக் கூடாது.
மூன்றடி நடந்தால் மனுதாரர் இருக்கை.
அங்கிருந்து இந்த அறையை நான் பார்த்ததே இல்லை:
குழாயில் துரு. மேலங்கிக்குக் கீழே
நீதிபதியின் காலில் ரப்பர் பூட்ஸ்.

இறந்த உண்மையை நிறுவக் கோரும் மனு.
என் அண்ணன் லுக்யான். அதே கரை, வேறு ஊர்.
இணைப்பு ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிய படம்.
சிலுவை, பலகையில் தேதி,
எழுத்துப்பிழையோடு எங்கள் குடும்பப்பெயர்.
இணைப்பு இரண்டு இல்லை.

"இறந்ததற்கு வேறு ஆதாரம்?"
அதே குரல். ஒரு மயிரிழை தாழ்த்தியிருந்தார், அவ்வளவுதான்.
இந்த இடத்தில் எத்தனையோ பேர் வாய் திறந்து நின்றிருக்கிறார்கள்.
"மனுதாரர் மௌனம்" என்று இரண்டு சொல்லில்
அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்வான், என்றேன்.
வெங்காயம் வதக்கிக்கொண்டே பேசுவான்,
பாதி கேட்காது.
நாற்பத்தொரு ஞாயிறு ஆகிறது.

யூஸ்தினாவின் விரல்கள் நின்றன.
இதை எப்படி எழுதுவது என்று என்னைத்தான் பார்த்தாள்,
பழக்கம்.
இணைப்பு இரண்டு என்று போடு, என்றேன்.

"எழுத்தருக்கு உத்தரவிட மனுதாரருக்கு உரிமை இல்லை,"
என்றார் ஹாவ்ரிஷ்.
பேனாவை மூடினார். திறந்தார்.
மேலே சைரன் எப்போதோ ஓய்ந்திருந்தது.
"போடுங்கள், யூஸ்தினா."